புதுசு அறிவித்த அன்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது போன், புது லேப்டாப், புது அப்டேட் என்று ஏதாவது ஒரு நிறுவனம் மேடையேறி அறிவித்துவிட்டால் போதும், அன்று இரவே தெரிந்தவர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். வாங்கலாமா, காத்திருக்கலாமா, இதை ஏன் இப்படித் திட்டுகிறார்கள், அதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? பல வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவருகிறேன். அவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். இது எந்த ஒரு மாடலைப் பற்றியும் அல்ல. அறிவிப்பு வந்ததும் கிளம்பும் பேச்சில் எதைக் காதில் வாங்குவது, எதை விட்டுவிடுவது என்பதைப் பற்றியது.

யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்காத பொருளுக்கு முதல் நாளே இவ்வளவு கோபமும் கொண்டாட்டமும் ஏன்?

அன்று யாரும் பொருளைப் பார்ப்பதில்லை, அதனால்தான். கையில் இருப்பது அறிவிப்பு மட்டும். மாதக்கணக்கில் கசிந்த செய்திகளைப் படித்து ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒரு போனைக் கட்டிவைத்திருக்கிறார்கள். மேடையில் வருவதை அந்த மனப்போனோடுதான் ஒப்பிடுகிறார்கள். மேடையில் வந்தது மனப்போனைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் ஏமாற்றம் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொருவரும் தன் வேலையை வைத்துத்தான் பேசுகிறார்கள். கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவி லேப்டாப்பில் சொருகிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு அந்தத் துளை இல்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். வெறும் மெயில் பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இருவரும் ஒரே லேப்டாப்பைப் பற்றி எழுதுகிறார்கள். படிக்கும் நமக்குத்தான் தலை சுற்றுகிறது. யார் சொல்கிறார், அவருக்கு என்ன வேலை என்று பார்த்துவிட்டுப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் நாள் எதிர்வினை எப்போதாவது சரியாக இருந்திருக்கிறதா?

இருந்திருக்கிறது. படு தவறாகவும் இருந்திருக்கிறது. எது எப்போது என்பதில் ஒரு ஒழுங்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதும் அதுதான்.

முதலில் தவறிப்போனவை. 2007 ஜனவரி 9 அன்று ஆப்பிள் ஐபோனை அறிவித்தபோது, மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் அதன் விலையையும், அதில் விசைப்பலகை இல்லாததையும் சொல்லிச் சிரித்தார். அவர் மட்டுமல்ல, நிறையப் பேர் அதே பட்டியலைத்தான் வாசித்தார்கள்: 3ஜி இல்லை, காப்பி பேஸ்ட் இல்லை, வெளியார் எழுதிய ஆப் போட முடியாது. எல்லாமே உண்மைதான். ஆனால் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் வந்தது, 3ஜியும் அதே மாதம் அடுத்த மாடலில் வந்தது, காப்பி பேஸ்ட் 2009 ஜூனில் வந்தது. 2010 ஜனவரி 27 அன்று ஐபேட் வந்தபோதும் இதே கதை. கேமரா இல்லை, யுஎஸ்பி இல்லை, இணைய வீடியோக்களுக்கு அப்போது தேவைப்பட்ட ஃப்ளாஷ் மென்பொருள் ஓடாது, பெரிதாக்கிய ஐபாட் டச் (ஆப்பிளின் பாட்டுக் கருவி) என்றார்கள். கடைக்கு வந்த 80 நாளில் 30 லட்சம் விற்றது. கேமரா அடுத்த வருடம் வந்து சேர்ந்தது.

இப்போது சரியாகப் போனவை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது விண்டோஸ் 95 காலத்திலிருந்து கீழ்மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்றே தெரியாமல் மக்கள் திண்டாடினார்கள். பழகிவிடும் என்று சொல்லிப் பார்த்தார்கள். பழகவில்லை. ஒரு வருடம் கழித்து 8.1-இல் பட்டன் மட்டும் திரும்பியது. முழு மெனு திரும்ப 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வர வேண்டியிருந்தது. 2016 அக்டோபரில் ஆப்பிளின் மேக்புக் ப்ரோ லேப்டாப்பிலிருந்து டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ துளை, மெமரி கார்டு துளை, காந்த சார்ஜர் மூன்றையும் எடுத்தார்கள். அதை வைத்து வேலை செய்கிறவர்கள் அன்றே கத்தினார்கள். 2021 அக்டோபரில் மூன்றும் திரும்பி வந்தன. அந்தத் துளைகளுக்குப் பதிலாக ஐந்து வருடம் பையில் டாங்கிள் என்ற இணைப்புத் துண்டைச் சுமந்தவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆனது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இது இல்லையே" என்ற புலம்பல் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது, ஏனென்றால் இல்லாததைப் பின்னால் சேர்த்துவிட முடியும். "இருந்ததை எடுத்துவிட்டார்களே" என்ற புலம்பல் வேறு ரகம். அது அனுபவத்திலிருந்து வருகிறது. தினமும் தொட்டுப் பழகிய ஒன்றைப் பற்றிப் பேசுகிறவர் கற்பனையாகப் பேசவில்லை. அறிவிப்பு நாளில் நான் முதலில் தேடுவது அந்தக் குரலைத்தான்.

ஹெட்போன் துளையை எடுத்தபோதும் அப்படித்தானே கத்தினார்கள்? அது திரும்பி வரவே இல்லையே.

நல்ல கேள்வி. 2016 செப்டம்பரில் ஐபோன் 7 அந்தத் துளையைக் கைவிட்டது. அன்று வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. மற்ற நிறுவனங்களும் சில வருடத்தில் அதே வழியில் போயின. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தார்கள். எங்களிடம் சார்ஜர் உண்டு என்று சாம்சங் பக்கத்திலிருந்து அதைச் சீண்டி ஒரு பதிவு வந்தது. 2021 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை.

சொன்னது சரியா என்பது ஒன்று, சொன்னபடி நடந்ததா என்பது வேறொன்று. ஹெட்போன் துளை போனதில் இழப்பு இருந்தது உண்மை. ஒயர் ஹெட்போனில் பேட்டரி தீராது, பக்கத்தில் இருப்பவருக்கு உருவிக் கொடுக்கலாம், எந்தக் கருவியிலும் சொருகலாம். ஆனால் வாங்குவதை நிறுத்தும் அளவுக்கு அது பெரிய இழப்பாக மக்களுக்குப் படவில்லை. ஒயர் இல்லாததும் அதற்குள் நன்றாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. 1998-இல் ஐமேக் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி டிரைவ் இல்லாமல் வந்தபோதும் இப்படித்தான். கத்தியவர்கள் ஓரிரு வருடம் தனியாக ஒரு டிரைவ் வாங்கி ஒட்டவைத்துக்கொண்டார்கள். பிறகு 1.44 எம்பி கொள்ளும் அந்தத் தட்டே தேவையில்லாமல் போனது. எடுத்ததன் இடத்தில் அதே வேலையைச் செய்ய வேறொன்று தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள். மெமரி கார்டு துளைக்கு அப்படி எதுவும் வரவில்லை, அதனால் அது திரும்பியது.

"இரண்டு மடங்கு வேகம்" என்று காட்டும் வரைபடங்களை நம்பலாமா?

இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ஒன்று "வரை" என்ற சொல். "இரண்டு மடங்கு வரை" என்றால் ஏதோ ஒரு வேலையில் ஒருமுறை இரண்டு மடங்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றொன்று எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. அடியில் பொடி எழுத்தில் இருக்கும். போன வருட மாடலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சொற்பம் என்பதால் மூன்று நான்கு வருடப் பழையதோடு ஒப்பிட்டிருப்பார்கள். உங்களிடம் இருப்பது அந்தப் பழைய மாடல்தான் என்றால் அந்த ஒப்பீடு உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும்.

அதே சமயம், வரைபடம் மோசம் என்பதால் பொருளும் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். 2020 நவம்பர் 10 அன்று ஆப்பிள் எம்1 சிப்பை அறிவித்தபோது காட்டிய வளைகோடுகளில் ஒப்பிட்ட கம்ப்யூட்டரின் பெயரே இல்லை. சந்தேகப்பட்டவர்கள் நியாயமாகத்தான் சந்தேகப்பட்டார்கள். ஒரு வாரத்தில் ஆட்கள் கையில் வாங்கி வீடியோ எடிட் செய்து பார்த்தார்கள். விசிறியே இல்லாத லேப்டாப் சூடேறித் திணறாமல் நாள் முழுக்க ஓடியது. சந்தேகப்பட்டவர்களில் பலர் மனம் மாறி அதையே வாங்கினார்கள். அந்த ஒரு வாரம் பொறுத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அறிவித்துவிட்டு வெளியிடாமலே போவதும் உண்டா?

உண்டு. 2017 செப்டம்பரில் ஆப்பிள் ஏர்பவர் என்ற சார்ஜிங் பலகையைக் காட்டியது. 2019 மார்ச் 29 அன்று கைவிட்டதாக அறிவித்தது. 2024 ஜூனில் உங்கள் மெயில், நாட்காட்டி எல்லாம் அறிந்து பதில் சொல்லும் புது சிரி (ஐபோனின் குரல் உதவியாளர்) வருகிறது என்றார்கள். அதைக் காட்டி விளம்பரம் ஓடியது, ஐபோன் 16 விற்றது. 2025 மார்ச்சில் தாமதமாகும் என்று சொல்லி அந்த விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள்.

"இந்த வருடக் கடைசியில்", "விரைவில்", "சில மொழிகளில் முதலில்" என்று வரும் எதையும் வாங்கும் முடிவில் சேர்க்காதீர்கள். பெட்டியைத் திறக்கும் அன்று அந்தப் போன் என்ன செய்கிறதோ அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். இப்போது எல்லா அறிவிப்பிலும் ஏஐ பேச்சு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மேடையில் காட்டும் செயல்விளக்கம் ஒரே கேள்வியைப் பலமுறை ஒத்திகை பார்த்துக் காட்டுவது. உங்கள் கேள்விக்கு அது என்ன சொல்லும் என்பது உங்கள் கையில் வந்த பிறகுதான் தெரியும்.

போன மாதம்தான் வாங்கினேன், அதற்குள் புதுசு அறிவித்துவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. நேற்று வரை நன்றாக ஓடிய போன் இன்றும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. மனத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. முதலில் திருப்பித் தரும் கெடு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யோசியுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

விலை குறைந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. முதல் ஐபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தது. 8 ஜிபி மாடல் 599 டாலர். செப்டம்பர் 5 அன்று, பத்து வாரம்கூட ஆகவில்லை, 399 ஆக்கிவிட்டார்கள். முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் கொதித்தார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, முன்பே வாங்கியவர்களுக்கு 100 டாலருக்கு ஆப்பிள் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்றார். கோபப்பட்டதால்தான் அதுவும் கிடைத்தது.

இந்தப் பயம் நிறுவனங்களுக்கும் உண்டு. 1983-இல் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனம் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசப்போய், கையிருப்பில் இருந்ததை வாங்க ஆளில்லாமல் போனது என்பார்கள். அந்த வருடமே திவாலானது. வேறு காரணங்களும் இருந்தன என்று பின்னால் எழுதியவர்கள் உண்டு. ஆனாலும் "ஆஸ்போர்ன் விளைவு" என்ற பெயர் நிலைத்துவிட்டது. கடைசி நாள் வரை வாய் திறக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் நாளே முன்பதிவு செய்து வாங்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். பணம் இருக்கிறதா இல்லையா என்பதற்காகச் சொல்லவில்லை. பல லட்சம் பேர் கையில் போன பிறகுதான் சில கோளாறுகள் வெளியே வருகின்றன. சாம்சங் கேலக்ஸி நோட் 7 இதற்குப் பெரிய உதாரணம். 2016 ஆகஸ்ட் 19 அன்று கடைக்கு வந்தபோது அதற்கு எல்லாரும் மாலை போட்டார்கள். பேட்டரி தீப்பற்றியதால் செப்டம்பர் 2 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தன. அக்டோபர் 11 அன்று உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

2019 ஏப்ரலில் மடிக்கும் கேலக்ஸி ஃபோல்டை விமர்சகர்களிடம் கொடுத்தபோது நடந்ததும் நினைவிருக்கலாம். திரையின் மேல் ஒரு மெல்லிய படலம். புது போனில் ஒட்டிவரும் பாதுகாப்புத் தாள் என்று நினைத்துச் சிலர் ஓரத்தில் நகம் வைத்து உரித்துவிட்டார்கள். திரை செத்துப்போனது. அது தாள் இல்லை, திரையின் ஒரு பகுதி. வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. கையில் வாங்கிய எவரும் இயல்பாகச் செய்யக்கூடிய ஒரு காரியம், தயாரித்தவர்களுக்குத் தோன்றவில்லை. முதல் மாதம் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். முற்றிலும் புது வகைப் பொருள் என்றால் இரண்டாம் தலைமுறை வரும் வரைகூடக் காத்திருக்கலாம்.

அப்டேட் வந்ததும் போட்டுவிடலாமா?

எந்த அப்டேட் என்பதைப் பொறுத்தது. பாதுகாப்பு அப்டேட் என்றால் அதிகம் யோசிக்காமல் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் கொடுத்தது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற கெடுமென்பொருள் நுழைந்து உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இரண்டு மாதம் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவைத்தவர்களும், அப்டேட்டே வராத பழைய விண்டோஸை ஓட்டிக்கொண்டிருந்தவர்களும்தான் அதில் மாட்டினார்கள்.

பெயரே மாறும் பெரிய அப்டேட் என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். ஐஓஎஸ் 8 வந்த சில நாளிலேயே, அதன் கோளாறுகளைச் சரிசெய்ய 2014 செப்டம்பர் 24 அன்று வந்த ஐஓஎஸ் 8.0.1 போட்டவர்களின் ஐபோன் 6-இல் சிக்னலே போய்விட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள், மறுநாள் 8.0.2 வந்தது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டது. நிறுத்திவைத்து நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான். ஆனால் பத்து வருடப் புகைப்படங்களை இழந்தவரிடம் போய்ச் சதவீதக் கணக்கு சொல்ல எனக்கு மனம் வராது.

எதுவானாலும் பேக்கப் எடுத்துவிட்டுப் போடுங்கள். எடுத்தது உண்மையிலேயே திறக்கிறதா என்று ஒரு ஃபைலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

அப்டேட் போட்டதிலிருந்து போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை. கெடுத்துவிட்டார்களா?

இரண்டு மூன்று நாள் பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் உள்ளுக்குள் புகைப்படங்களையும் ஃபைல்களையும் மறுபடி அட்டவணைப்படுத்தும், ஆப்களைப் புது முறைக்குத் தயார்செய்யும். அதற்குத்தான் அந்தச் சூடு. இரவில் சார்ஜரில் போட்டு வைஃபையில் விட்டுவிட்டால் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். முதல் நாள் வரும் "பேட்டரி போச்சு" புகார்களில் பெரும்பகுதி இதுதான். ஒரு வாரம் ஆகியும் அப்படியே இருந்தால் செட்டிங்ஸில் எந்த ஆப் பேட்டரியைத் தின்கிறது என்று பாருங்கள்.

பழைய போனை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள் என்பது உண்மையா?

ஒரு விஷயத்தில் உண்மையாகவே இருந்தது. 2017-இல் ஆப்பிள் கொடுத்த ஒரு அப்டேட், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. காரணம் இல்லாமல் இல்லை. தேய்ந்த பேட்டரியால் திடீர் மின்தேவையைத் தாங்க முடியாமல் போன் தானாக அணைந்துகொண்டிருந்தது. ஆனால் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. டிசம்பரில் வெளியே தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29-க்குக் குறைத்தார்கள். இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், நோட் 4 அப்டேட் விவகாரத்தில் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது.

ஆகவே உங்கள் சந்தேகம் அபத்தமானதல்ல. ஆனால் இன்று போன் மெதுவானால் முதலில் பேட்டரியையும், காலியாக உள்ள இடத்தையும் பாருங்கள். பேட்டரி மாற்றியதும் புதுப் போன் வேண்டாம் என்று முடிவுசெய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோற்றம் மாறினாலே ஏன் இவ்வளவு எரிச்சல்? நாலு நாளில் பழகிவிடாதா?

எனக்கும் உங்களுக்கும் பழகும். எல்லாருக்கும் பழகாது. என் அம்மாவின் போனில் ஒரு அப்டேட் இரவோடு இரவாக ஏறிவிட்டது. அதுவரை அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை மேலே தள்ளி எடுப்பார்கள். அப்டேட்டுக்குப் பிறகு பக்கவாட்டில் தள்ள வேண்டும். அம்மா வழக்கம்போல மேலே தள்ளினார்கள், வட்டம் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார்கள். மணி அடித்து ஓய்ந்தது. நான் நான்கு முறை அழைத்தேன். ஐந்தாவது அழைப்பை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி எடுத்தாள். "பாட்டிக்கு உங்க போனை எடுக்கத் தெரியலையாம், அழறாங்க" என்றாள்.

அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது. அந்தப் பச்சை வட்டத்தை அவர் கண்ணால் பார்த்து எடுக்கவில்லை, விரலால் நினைவு வைத்திருந்தார். கண்ணாடி போட்டுப் படித்துப் பார்ப்பதற்குள் மணி நின்றுவிடும். அன்று தனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறார். போன் மாறியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, தான்தான் மாறிவிட்டோம் என்று நினைத்தார். அதிலிருந்து "பழகிக்கொள்ளுங்கள்" என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

2025-இல் ஆப்பிள் கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்தைக் காட்டியபோது எழுத்து படிக்க முடியவில்லை என்று முதல் நாளே சொன்னவர்களை அழகு தெரியாதவர்கள் என்று ஒதுக்கினார்கள். நவம்பரில் வந்த ஐஓஎஸ் 26.1-இல் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள். 2013-இல் ஐஓஎஸ் 7-இன் அசைவுகள் தலைசுற்றலைத் தருகின்றன என்று சொன்னவர்களுக்கும் பிறகு அவற்றை நிறுத்திவைக்க வழி கிடைத்தது. உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் போனில் தானியங்கி அப்டேட்டைக் கவனியுங்கள். பெரிய மாற்றம் வருமுன் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே அழைத்து, அவர் விரலால் பத்து முறை எடுக்க வையுங்கள்.

பீட்டா போட்டுப் பார்க்கலாமா?

பீட்டா என்பது முழுதாக வெளியிடும் முன் சோதனைக்குத் தரும் பதிப்பு. தினமும் பயன்படுத்தும் போனில் வேண்டாம். வங்கி ஆப் திறக்காமல் போகும், அலாரம் அடிக்காமல் போகும். மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் பழைய போன் இருந்தால் அதில் தாராளமாகப் போடுங்கள். பார்த்த குறைகளை நிறுவனத்துக்கு எழுதவும் செய்யுங்கள், பீட்டா இருப்பதே அதற்குத்தான்.

என் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. தூக்கிப் போட வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2021 ஜூனில் விண்டோஸ் 11-ஐ அறிவித்தபோது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், ஏறக்குறைய 2018-க்குப் பிந்தைய ப்ராசசர் வேண்டும் என்றார்கள். நல்ல நிலையில் இருந்த ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் தகுதியிழந்தன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

முதலில் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பாருங்கள். பல கம்ப்யூட்டரில் டிபிஎம் உள்ளேயே இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள். அதை இயக்கினாலே சிலருக்கு வேலை முடிந்துவிடும். ப்ராசசரே பழையது என்றால், பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதுவும் வேண்டாம், பிரவுசரும் ஆஃபீஸ் வேலையும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். அப்டேட் நின்றுபோன விண்டோஸை இணையத்தோடு இணைத்து வங்கி வேலை பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

புதுசு வாங்கும்போது எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுள் 7 வருடம் என்றது, 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. அறிவிப்பு நாளில் இந்த ஒரு வரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதுதான் முதல் வரி.

பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

சில நாளைக்கு மட்டும். விண்டோஸில் பொதுவாகப் பத்து நாள் அவகாசம். ஐபோனில் ஆப்பிள் பழைய பதிப்புக்கு அனுமதி தரும் வரை முடியும், அது வழக்கமாகச் சில வாரங்களில் நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும், பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

நாம் கத்துவது அவர்கள் காதில் விழுகிறதா?

விழுகிறது. 2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட் ரீகால் என்ற வசதியை அறிவித்தது. சில நொடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துவைத்து, பிறகு தேடித் தரும். கடவுச்சொல்லும் வங்கித் திரையும்கூட அதில் விழும் என்று மக்கள் பதறினார்கள். அது சேமிக்கும் விதத்தில் பாதுகாப்பு போதாது என்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே காட்டினார்கள். மூன்று வாரத்துக்குள், பயனர் விரும்பி இயக்கினால் மட்டுமே ஓடும் என்று மாற்றினார்கள். பிறகு வெளியீட்டையே தள்ளிவைத்தார்கள். பரவலாக வந்து சேர 2025 ஏப்ரல் ஆனது.

அங்கே வேலை செய்தது வெறும் கோபம் அல்ல, "இந்த இடத்தில் இந்த ஃபைல் இப்படிக் கிடக்கிறது, இதோ பாருங்கள்" என்று காட்டியது. அதனால் குறை எழுதும்போது எந்த மாடல், எந்தப் பதிப்பு எண், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, முன்பு எப்படி இருந்தது என்று வரிசையாக எழுதுங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துவிடுங்கள். அம்மாவின் போனைத் தயாரித்த நிறுவனத்துக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். விரல் எந்தத் திசையில் போகிறது என்று வீடியோ எடுத்து அனுப்பினேன். பதில் என்று எதுவும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து வந்த ஒரு அப்டேட்டில், அழைப்பை எப்படி எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி செட்டிங்ஸில் இருந்தது. என் கடிதத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் போனில் அதை மேலே தள்ளுவதற்கு மாற்றிவைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.